செக்மெக் எந்த ஊர்?

ஒரு துருக்கி அகராதியில் செக்மெக் என்றொரு வினைச்சொல் வேலை பார்த்து வந்தது. கயிறு இழுப்பது அதன் வேலை. போட்டோ எடுப்பதும் அதன் வேலைதான். வலியைப் பொறுத்துக்கொள்வதையும் அதைக் கேட்காமலே அதன் தலையில் கட்டியிருந்தார்கள்.

புதிய பதிப்பின் அட்டைக்காக எல்லாச் சொற்களும் குரூப் போட்டோவுக்குக் கூடின. ஒருமுறையாவது தன் முகமும் வரட்டுமே என்று செக்மெக் கடைசி வரிசையில் ஓரமாகப் போய் நின்றது.

"தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார் கித்தாப். புத்தகம் என்று பொருள்; அரபியிலிருந்து வந்து குடியேறியவர்.

"இதே ஊருதாங்க. பழைய துருக்கியிலேயே என் பேரு இருக்கு."

"சரி, அதுக்கு முன்னாடி?" என்றார் ஷெஹிர். நகரம் என்று பொருள். அவர் வந்தது பாரசீகத்திலிருந்து. "தப்பா எடுத்துக்காதே, சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"அதுக்கு முன்னாடி தெரியாதுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூர்வீகம் தெரியாம எப்படிப் பக்கத்துல நிறுத்துறது? கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. வேலை இருந்தா கூப்பிடுறோம்" என்றார் கித்தாப்.

"இதையும் நானே பொறுத்துக்கணுமா?"

"வேற யாருக்குப் பழக்கம், சொல்லு?"

செக்மெக் அகராதியை விட்டே இறங்கி நடந்தது.

சொற்கள் சிரித்தபடி நின்றன. கித்தாப் தொப்பையை உள்ளே இழுக்கப் பார்த்தார், வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் யாரும் இல்லை. வெகுநேரம் கழித்து கால் வலிக்க ஆரம்பித்தபோதுதான், அதைப் பொறுத்துக்கொள்ளவும் அங்கே ஆளில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது.