மூடிய குழிகள்

ஆஸ்திரேலியாவில் லியனோரா ஊரைச் சுற்றிய செம்மண் காட்டில் கிளைவ் பொன் தேடிக்கொண்டு முன்னால் போவார். மனைவி நோரீன் பின்னாலேயே வந்து, அவர் தோண்டிய குழிகளை மூடி, பூட்ஸ் குதிகாலால் இரண்டு மிதி மிதிப்பாள்.

"கொஞ்சம் மெதுவாப் போயேன், கிளைவ். பேசிக்கிட்டே போகலாம்."

அவர் திரும்பியதே இல்லை.

அவள் இறந்த பிறகு, அவள் வேண்டாமென்ற விலையுயர்ந்த, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலிக்கும் டிடெக்டரை வாங்கிக்கொண்டு தனியாக வந்தார். அது ஓயாமல் கூவியது. கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணிகள்.

மாலையில் கூட்டாளி ரோனி அதே வழியாக வந்து சேர்ந்தான். "என்னடா, புது மெஷினோட புத்தியும் வந்துடுச்சா? எல்லாக் குழியையும் அழகா மூடியிருக்கே!"

கிளைவ் எதையும் மூடவில்லை. திரும்பிப் பார்த்தார். வந்த வழியெங்கும் குழிகளில் மண் நிரவப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் இரண்டு குதிகால் தடங்கள்.

ரோனி போனதும் டிடெக்டரை அணைத்துவிட்டு, சும்மா ஒரு குழி தோண்டி, அவள் வருவாளென்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இருட்டும்வரை அது திறந்தே கிடந்தது.