தொண்ணூறு மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புப் பலூன்

சரியாகப் பத்து மணிக்குச் சிவப்புப் பலூன் தரையை விட்டு எழும்பியது.

நான்காம் மாடிப் படிக்கட்டு ஜன்னலில் நின்று லிஃப்ட் மெக்கானிக் அதைக் கண்டார். ஊருக்கு வெளியே, பொட்டல் வெளியின் நடுவே, கயிற்றில் கட்டிய பலூன் தொண்ணூறு மீட்டர் ஏறி நின்றது. வரவிருக்கும் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம் அவ்வளவு உயரம்.

எவர் வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் பலூன் தெரிகிறதோ, அவர் பதினொரு மணிக்குள் படிவத்தில் ‘தெரிகிறது’ என்று குறித்துக் கையெழுத்திட்டுத் தரவேண்டும். இக்குடியிருப்பில் அத்தகைய படிவங்கள் முப்பது சேர்ந்தால் பூங்கா வேறு ஊருக்குப் போய்விடும். படிவம் தராத வீடு, தெரியாத வீடாகவே கொள்ளப்படும். நகரசபை வகுத்த விதி அது.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார். கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குட்டி போட்ட பூனையாக நடந்தார்.

வீடு மனைவியின் பெயரில் இருந்தது. படிவமும் அவள் பெயருக்கே வந்தது. அவளோ ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து ஏழு மணிக்கு வந்தவள், உள்ளறைக்குப் போய்த் தடித்த திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

நேற்று மாலை பணிக்குக் கிளம்புகையில், செருப்பை மாட்டியபடியே சொல்லியிருந்தாள்: “பத்து மணிக்கு எழுப்புங்க. என் கண்ணால பாத்து நானே எழுதுவேன். உங்களை நம்பினா, மலையைக் காட்டினாலும் மடுன்னு எழுதிடுவீங்க.”

அவள் பக்கம் நியாயம் இருந்தது. பகலில் ஆறு மணி நேரமேனும் துயின்றால்தான் இரவில் அவள் கை நடுங்காமல் ஊசி போடும். ராட்டினம் வந்தால் பகலெல்லாம் கூச்சல்.

“நீங்க சக்கரத்துக்கு எண்ணெய் விடுங்க. நான் தூக்கம் கெட்டு, ஒருத்தர் மருந்தை இன்னொருத்தருக்குக் குடுக்கறேன். ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போவோம்” என்றும் சொல்லியிருந்தாள்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. லிஃப்ட் நிறுவனம் மூடி இரண்டு ஆண்டுகள் ஆயின. பூங்காக்காரர்கள் ஒருமுறை அழைத்துப் பேசினார்கள். கம்பி வடமும் கப்பியும் பல்சக்கரமும் அறிந்த ஆள் வேண்டும், வயது ஒரு பொருட்டில்லை என்றார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. ஆயினும் ஐம்பத்தேழு வயதில் அப்படியொரு சொல் காதில் விழுந்தால் நெஞ்சு சும்மா இருக்குமா? அன்று வீடு திரும்பியதும் கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

கதவு தடதடத்தது. குடியிருப்புச் சங்கச் செயலர் நின்றார். ஒலிபெருக்கி இல்லாமலே ஊர் கேட்கப் பேசுவதால் அவருக்கு ‘மைக்’ என்று பெயர்.

“யோவ் லிஃப்ட்டு, இருபத்தொன்பது சேந்தாச்சு! இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டம்மா ஃபாரம் எங்கய்யா?”

“மெதுவாப் பேசுய்யா. தூங்கறா.”

“அவங்க நிம்மதியாத் தூங்கட்டும்னுதானேய்யா நான் தொண்டை கிழியக் கத்தறேன்!”

மைக் அடுத்த மாடிக்கு ஏறினார்.

மணி பத்து முப்பத்தைந்து.

எழுப்பாமல் விட்டாலே போதும். பொய் சொல்ல வேண்டாம். கள்ளக் கையெழுத்து இட வேண்டாம். எதுவுமே செய்ய வேண்டாம். அயர்ந்து உறங்கியவளை எழுப்ப மனம் வரவில்லை என்றால், கேட்பவர்கள் இவரல்லவோ கணவர் என்பார்கள். இருபத்தாறு ஆண்டு இல்வாழ்வில் அன்பும் ஆதாயமும் ஒரே பாயில் படுத்தது இன்றுதான்.

அந்த நினைப்பே அவரைச் சுட்டது. தண்ணீர் குடித்தார். மீண்டும் நடந்தார். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு முறை பார்த்தார்.

பத்து நாற்பத்தைந்துக்கு உள்ளறைக் கதவைத் திறந்தார்.

அறை இருண்டிருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் திரையை ஒரு விரலளவு விலக்கினார்.

ஜன்னலின் நட்ட நடுவில், கை நீட்டினால் எட்டிவிடும்போல், பலூன் நின்றது.

அவர் உள்ளம் இரு மாடிகளுக்கு இடையே நின்றுவிட்ட லிஃப்டைப் போல ஒருமுறை குலுங்கி நின்றது.

போகட்டும் என்று எண்ணினார். வேலையில்லாமல் இரண்டு ஆண்டுகள் இருந்தாயிற்று, இனியும் இருக்கலாம். இவள் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு ஒரு நாளும் இருக்க முடியாது.

எழுப்புமுன் படிவத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று கட்டிலருகே இருந்த மேசையைத் தடவினார். அவள் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் தாள் இருந்தது. திரையிடுக்கில் வந்த வெளிச்சக் கீற்றில் பிடித்துப் பார்த்தார்.

படிவம் நிரப்பப்பட்டிருந்தது.

‘தெரியவில்லை’ என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி. கீழே அவள் கையெழுத்து.

முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தானே எழுந்து பார்த்திருப்பாளோ, கண்தான் மங்கிவிட்டதோ என்றுகூட ஐயுற்றார்.

பிறகே கையெழுத்தை ஒட்டியிருந்த சிற்றெழுத்தைக் கண்டார். காய்ச்சலோ நாடித்துடிப்போ, எதை எழுதினாலும் அருகே நேரம் குறித்தே பழகியது வார்டில் தேய்ந்த கை. படிவம் கேளாத இடத்திலும் அது தன் வழக்கத்தை விடவில்லை.

காலை 7.10.

அவர் மெல்லத் திரும்பினார். சுவரைப் பார்த்துக் கிடந்தவளின் மூச்சு, உறங்குகிறவர்களின் மூச்சைப் போலன்றி, நின்று நின்று வந்துகொண்டிருந்தது.