கோல்பியின் கொதி

"யாரும் கிட்ட வராதீங்க! அது என் பையனோட கொதி!"

டெல்மர் படகின் முனையில் ஏறி நின்று தொப்பியைக் கழற்றி வீசினார். வேகமாக வந்துகொண்டிருந்த சிவப்புப் படகு தடுமாறி வேகம் குறைந்தது.

"பெரிய கொதியாத் தெரியுதே அண்ணே! ஓரமா நின்னு ரெண்டே ரெண்டு வீச்சு வீசிட்டுப் போயிடுறேன்?" என்றாள் அதை ஓட்டி வந்த பெண்.

"முதல்ல போனவனுக்குத்தான் கொதி. ஏரிக்குப் புதுசா நீ? திரும்பும்மா!"

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படகைத் திருப்பினாள்.

கோடை முற்றிவிட்டால் பவல் ஏரியின் ஸ்ட்ரைப்பர் மீன்கள் பகலெல்லாம் ஆழத்தில் பதுங்கிக்கொள்ளும். விடிந்த கையோடு ஒரு தடவை கூட்டமாக மேலே வந்து பொடிமீன்களை வளைத்துத் தின்னும். அந்த இடத்துத் தண்ணீர் உலை மாதிரி பொங்கும். அதுதான் கொதி. அதற்காகத்தான் அத்தனை பேரும் தூக்கத்தை விட்டுவிட்டு வருவது.

வெகு தூரத்தில், செம்பாறைச் சுவருக்குக் கீழே தண்ணீர் வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கோல்பியின் சின்ன அலுமினியப் படகு. எதிர்வெயிலில் கறுப்பாக ஒரு கோடு போலத்தான் தெரிந்தது.

"என்னடா, கண்ணு கலங்குது?" என்றார் கூட வந்த நெஸ்டர்.

"வெயில் கூசுது."

"யாருகிட்ட? கொதியைப் பார்த்தும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறியே, காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே உனக்கு?"

டெல்மர் சிரிக்கவில்லை. போன கோடை வரை கொதி கிளம்பினால் அவர் கோல்பியின் கையிலிருந்து தூண்டிலைப் பிடுங்கிவிடுவார். 'நீ கெடுத்துடுவே, தள்ளு!' பத்தொன்பது வயதுப் பையன் எத்தனை நாள் பொறுப்பான்? ஒருநாள் தூண்டிலை ஏரியில் விட்டெறிந்துவிட்டு வீட்டை விட்டே போனான். குளிர்காலம் முழுக்கப் பேச்சில்லை. சொந்தமாகப் பழைய படகு ஒன்று வாங்கிக்கொண்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறான்.

காலையில் கரையில் படகை இறக்கும்போதே சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு நானே பிடிக்கிறேன்பா. கொதி கிளம்பினா நீங்க கிட்ட வரக்கூடாது. வந்தீங்க, அவ்வளவுதான். அப்புறம் என்னை மறந்துடுங்க."

"சத்தியமா வரமாட்டேன்டா."

நெஸ்டர் புருவத்துக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "என்னடா இது? கொதி நின்ன இடத்துலயே நிக்குது, இவன் படகு காத்துல தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு. மோட்டாரைப் போட்டுக் கிட்ட வரவேண்டியதுதானே?"

"போட மாட்டான்! கொதிக்குப் பக்கத்துல மோட்டார் சத்தம் கேட்டா அத்தனை மீனும் உள்ளே போயிடும். நான் சொல்லிக் குடுத்தது. மறக்கலை பாரு பயபுள்ள!" என்றார் டெல்மர்.

"அதுக்குன்னு இவ்வளவு தூரமா? அங்கேருந்து வீசினா எட்டாதுடா. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம், வா."

டெல்மரின் கை சாவிவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது.

"வேணாம் நெஸ்டர். கெடுத்தா கெடுத்துட்டுப் போறான். அவன் கொதி."

"பெரிய மகான் ஆயிட்டே போ!"

கொதி சிறுத்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வெள்ளையாகத் தெறித்தது. பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் தகடு போல மூடிக்கொண்டது.

"முடிஞ்சுது! இனிமே போனா தப்பில்லை." டெல்மர் சாவியைத் திருகினார். படகு சீறிக் கிளம்பியது. "எத்தனை பிடிச்சேன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் கேட்டுத் தொலைக்காதே. அவன் வாயாலயே சொல்லட்டும். ராத்திரி மூணு பேரும் எங்க வீட்டுலதான் சாப்பிடுறோம். சோளமாவுல புரட்டிப் பொரிச்சுப் போடுறேன். அவனுக்கு அதுன்னா உயிரு."

"ஆளையே காணோமே?"

"குனிஞ்சு மீனைக் கழட்டிக்கிட்டு இருப்பான். பெருசா மாட்டியிருக்கும்!"

அலுமினியப் படகு நெருங்கியது. டெல்மர் எஞ்சினை அணைத்துவிட்டு வாய் நிறையச் சிரிப்போடு கூவினார்.

"டேய் கோல்பி! பார்த்தியா, அப்பா கிட்டவே வரலை!"

நெஸ்டர் எட்டி அந்தப் படகின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். உட்காரும் பலகையில், புழுக்கத்துக்குக் கழற்றிப் போட்ட மிதவைச் சட்டை கிடந்தது. ஓரத்தில் தூண்டில். கரையில் அதைப் படகோடு சேர்த்துக் கட்டிய வார் இன்னும் அவிழ்க்கப்படவே இல்லை.

நெஸ்டர் நிமிரவில்லை.

"டெல்மர்... அந்தக் கொதி... அது மீன் இல்லடா."