பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்

தாமல் கிராமத்துப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் சாயங்கால வெயில் ஜன்னல் வழியே நீளமாக விழுகிறது. நாளை பள்ளி திறப்பு. ஆசிரியை சுகாசினி தரையில் உட்கார்ந்து, பட்டுக்கடையில் கேட்டு வாங்கிய பழைய புடவைப் பெட்டிகளைக் கத்தரித்து, அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதுகிறாள். காலையிலிருந்து தனியாகவே பெருக்கிச் சுண்ணாம்பு அடித்ததில் முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. அவளிடம் படிக்கும் கீர்த்தியைக் கையில் பிடித்தபடி அம்மா கலாவதி வாசலில் வந்து நிற்கிறாள். "டிசி வாங்கிக்கினு போலாம்னு வந்தேன் மிஸ். இவள டவுன் ஸ்கூல்ல சேக்கறோம்." சுகாசினி கையூன்றி எழப் பார்க்கிறாள், முட்டி நிமிர மறுக்கிறது. அதற்குள் கீர்த்தி அம்மாவின் கையை உதறி ஓடிவந்து, மை காயாத அட்டைகளின் முன் குந்தி வாசிக்கிறாள். "ஏரி... தறி... மணி..." கலாவதி படியிலேயே நின்று கேட்கிறாள். "எழுந்துக்காதீங்க மிஸ். இவங்கப்பாவ இன்னொரு தரம் கேட்டுட்டு வரேன்."