நம்ம பொண்ணுதான்

“நம்ம பொண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, பியானோ மாஸ்டர் பிஸ்கட்டை டீயில் முக்கினார்.

நடுவர் அறையில் மற்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்காகத்தானே சொன்னது.

சர்வதேசப் பியானோ போட்டி, அரையிறுதிச் சுற்று; முந்தைய சுற்றுகளை வேறு நடுவர்கள் முடித்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரே சொனாட்டாவைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருந்த காதுகள், பதினோராம் எண் பெண் கை வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டன. இடைவேளை விட்டதும் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: யாரிடம் கற்றாள்?

மாஸ்டர் சும்மா இருந்திருக்கலாம்.

இருக்க முடியவில்லை, பாவம். மாணவர்கள் பரிசு வாங்கினால்தான் மாஸ்டரை நடுவராகக் கூப்பிடுவார்கள். நடுவராக ஊர் ஊராகப் போய் வந்தால்தான் மாணவர்கள் வந்து சேருவார்கள். இருபது வருடமாக இந்தச் சக்கரத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. மேடையில் வாசிப்பதை எப்போதோ விட்டாயிற்று. ஏன் என்று அவரைக் கேட்டால் முதுகுவலி என்பார். அவர் மனைவியைக் கேட்டால் பயம் என்பார்.

ஆறு வருடமாக அவருடைய மாணவர் ஒருவர்கூட இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. போன வருடம் ஏழு அழைப்பு. இந்த வருடம் இரண்டு. அதில் ஒன்று, வேறு யாரோ காய்ச்சல் என்று கழன்றுகொண்டதால் கிடைத்தது.

“சொல்லவே இல்லையேண்ணே!” என்றார் மீசைக்கார நடுவர். “எத்தனை வருஷம் உங்ககிட்ட இருந்தா?”

“அதெல்லாம் ஒரு கணக்கா? மணிக்கட்டை எப்படி வெச்சிருக்கா பாத்தீங்கல்ல? அது ஒண்ணு போதாது?”

பேப்பர்க் கட்டோடு வாசலில் நின்றிருந்த செயலாளர் அம்மா சிரிக்கவில்லை. போட்டியாளர் நடுவர்களில் ஒருவரிடம் என்றைக்காவது கற்றிருந்தால் விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். மறைத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். பதினோராம் எண்ணின் விண்ணப்பத்தில் மாஸ்டர் பெயர் எங்கேயும் இல்லை.

எப்படி இருக்கும்? மாஸ்டருக்குத் தெரிந்து, அவளை அவர் அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்தார்.

செயலாளர் ஆள் அனுப்பி அவளை வரச்சொன்னார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். “வயசு இருபத்தொன்பது” என்று படித்தார், யாரையும் பார்க்காமல். முப்பதுக்கு மேல் எந்தப் போட்டியும் சேர்க்காது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

மாஸ்டர் பாதி பிஸ்கட்டைத் தட்டில் திருப்பி வைத்தார்.

மனிதர் அப்போது ஒரு நல்ல காரியம் செய்தார். அடிக்கடி செய்கிறவர் இல்லை என்பதால் குரல் கொஞ்சம் தடுமாறியது. “இல்லம்மா… நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பொய். அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது.”

ஒருவரும் நம்பவில்லை.

“பொண்ணு மாட்டிக்குவான்னு இப்ப மாத்திப் பேசறீங்களா? விடுங்கண்ணே” என்று மீசைக்காரர் அவர் தோளைத் தட்டினார். நடுவர் குழுத் தலைவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் வந்தாள். வெந்நீர் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள். வாசித்த விரல்கள் இன்னும் அடங்கவில்லை.

செயலாளர் சுற்றி வளைக்கவில்லை. இவரிடம் கற்றாயா? கற்றதை மறைத்தாயா? முதலில் தன் மாணவி என்றார்; இப்போது இல்லை என்கிறார்.

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெறும் ‘இல்லை’ அங்கே செல்லாது என்பது புரிந்துவிட்டது போலிருந்தது.

“கத்துக்கணும்னு போனேன் மேடம். பத்து வருஷம் முன்னாடி. சாரோட வீடு மூணாவது மாடி. படி ஏறின மூச்சு அடங்கறதுக்குள்ள வாசின்னார். நாலு வரிதான் வாசிச்சிருப்பேன், பியானோ மூடியைச் சாத்திட்டார். ‘இந்தக் கைக்குப் பியானோ வராது, வேற வேலை பாரு’ன்னார்.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அந்த மூணு மாடியும் அழுதுகிட்டேதான் இறங்கினேன்.”

இது நம்பும்படி இருந்தது. மீசைக்காரர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோருமே என்றைக்கோ, யாருக்கோ அப்படி மூடியைச் சாத்தியவர்கள்தான். மாஸ்டரும் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். எல்லா முகமும் நினைவிலா இருக்கும்?

ஆனால் விரட்டிவிட்ட பிள்ளை மேலே வந்ததும் ஓடிவந்து சொந்தம் கொண்டாடுகிற கிழவனை, பொய்யனைவிடக் கேவலமாகத்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

“அப்படியா சார்?” என்றார் செயலாளர்.

அவள் இப்போது அவரைப் பார்க்கவில்லை. பாட்டிலை உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

மாஸ்டர் டீ கப்பைக் கீழே வைத்தார். நிதானமாக, சத்தம் வராமல் வைத்தார்.

“ஆமாம்மா. நான்தான் போகச் சொன்னேன்.”

செயலாளர் பேனாவை மூடினார். அவள் யாருக்கும் நன்றி சொல்லாமல் வெளியே போனாள்.

மாஸ்டரிடம் இருப்பது ஒன்பதடி கச்சேரிப் பியானோ. அது எந்த மாடிப்படியிலும் ஏறாது என்பதால், கல்யாணமான நாளிலிருந்து அவர் தரைத்தளத்தைத் தவிர வேறெங்கும் குடியிருந்ததே இல்லை.