மூன்றாவது குரல்

உண்ணிச்செடி முகத்தில் அடித்தது. அவன் அரிவாளை வீசினான்.

பாதை இருந்த இடம் காலுக்குத்தான் தெரிந்தது. கண்ணுக்கு எல்லாம் புதர்தான். ஒரு வருடமாக இந்தப் பக்கம் யாரும் ஏறவில்லை. மாடுகளைக்கூட வேறு வழியாக ஓட்டினார்கள்.

பின்னால் அவள் வந்தாள். தம்பி பெண்டாட்டி.

கையில் மஞ்சள் பை. உள்ளே இரண்டு பீடிக்கட்டு, ஒரு தீப்பெட்டி, வாழையிலையில் கட்டிய அவித்த உருளைக்கிழங்கு. எல்லாம் தம்பி வேலப்பனுக்குப் பிடித்தவை. இன்றோடு அவன் போய் வருடம் திரும்புகிறது. விழுந்த இடத்தில் வைத்துக் கும்பிட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வீட்டில் வழி தெரிந்தவன் இவன் ஒருவன்தான். வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

காலில் அட்டை ஏறியிருந்தது. அவன் குனியவில்லை. குடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

போன வருடம் அண்ணனும் தம்பியும் இதே வழியாகத்தான் ஏறினார்கள். மேலே புல்வெளியில் மேயவிட்ட மாடு ஒன்று நாலு நாளாகக் கண்ணில் படவில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து தேடினார்கள்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது.

இந்த மலையில் ஒரு கட்டு உண்டு. காட்டில் ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால், முதல் குரலுக்கு வாய் திறக்கக் கூடாது. இரண்டாவதற்கும் கூடாது. முனி இரண்டு தடவைதான் கூப்பிடும், அதுவும் தெரிந்தவர் குரலில் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனிதன். பல் முளைக்காத பிள்ளைக்கும் இங்கே இது தெரியும்.

“அண்ணே.”

அவன் ஒன்று என்று எண்ணினான்.

“அண்ணே.”

இரண்டு.

மூன்றாவதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

வரவில்லை.

வேலப்பன் எதற்கும் பொறுக்கிற ஆள் இல்லை. டீயைக்கூட ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா திட்டாத நாள் கிடையாது. பதில் வரவில்லை என்றதும் தோன்றிய பக்கம் நடந்திருப்பான்.

தோன்றிய பக்கம் பள்ளம்.

ஒரு ‘ஓய்’ கொடுத்திருந்தால் போதும். குரல் வந்த திசைக்குத் திரும்பியிருப்பான்.

மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏதாவது சத்தம் கேட்டதா என்று ஊர் கேட்டது. போலீஸ் கேட்டது. கடைசியாக அவள் கேட்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை என்று மூன்று பேரிடமும் சொன்னான்.

இப்போது சோலைக்காடு முடிந்தது. புல்வெளி வந்தது. காற்று காதை அடைத்தது. பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏறி வந்தது மூடுபனி. சொல்லிவைத்த மாதிரி அதே இடத்தில், அதே நேரத்தில்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் இல்லை.

“மாமா.”

“இங்கதான் இருக்கேன்! அங்கயே நில்லு! அசையாத!”

தொண்டை கிழியக் கத்தினான். கத்திக்கொண்டே குரல் வந்த பக்கம் ஓடினான்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். சேலை முழுக்கப் புல்விதை ஒட்டியிருந்தது. பையை மார்போடு பிடித்திருந்தாள்.

அவனையே பார்த்தாள்.

கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ தடவை விறகுக்கும் கிழங்குக்கும் இவனோடு காட்டுக்கு வந்திருக்கிறாள். மூன்றாவது குரலுக்கு முன்னால் இவன் வாய் திறந்ததே இல்லை. வேலப்பன் அதை வைத்துக் கேலி செய்வான். எங்கண்ணனைக் கூட்டிப்போக எமன் வந்தாலும் மூணு தடவை கூப்பிடணும் என்பான்.

“ஒரு தடவைதான மாமா கூப்பிட்டேன்.”

அவன் தரையைப் பார்த்தான்.

“அவரு எத்தன தடவ கூப்பிட்டாரு?”

காற்று அடித்தது. புல் சாய்ந்து நிமிர்ந்தது. பொய் நாக்கின் நுனியிலேயே இருந்தது, ஒரு வருடமாகப் பழகிய பொய். இன்று அது வெளியே வரவில்லை.

“ரெண்டு” என்றான்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“எந்தப் பக்கம்?”

அவன் கையைக் காட்டினான்.

“நீங்க வர வேண்டாம்.”

அவள் நடந்தாள். பத்து அடியில் மூடுபனி அவளை மறைத்தது. மஞ்சள் பை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அங்கிருந்து பள்ளத்துக்கு நாற்பது அடி.

நாற்பது அடி நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரம் கடந்தது. அவன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“அங்கம்மா.”

பதில் இல்லை.

அவளும் இந்த மலையில் பிறந்தவள்தானே.

“அங்கம்மா!”

பதில் இல்லை.

மூன்றாவது தடவை கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.