சுண்ணாம்புக் கோடு

"இன்னாடி மார்த்தா, கோட்டு மேல நடக்கறதுக்கு ஒரு படிப்பா? எங்க வூட்டு எருமைகூடத்தான் வரப்பு மேல ஒழுங்கா நடக்குது. அதுக்கு இன்னா, பட்டணத்துலேர்ந்து வாத்திச்சியா கூட்டியாந்தேன்?"

கொல்லைப்புறத்து வேலிச் சந்தில் நுழைந்து, முந்தானையை இடுப்பில் செருகியபடியே முன்பக்கம் வந்த சொக்கம்மாள், வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். உத்திரமேரூர் ரைஸ்மில்காரர் பச்சமுத்துவின் சம்சாரம் அவள். ஓட்டு வீடு, மூன்று எருமை, ஓயாத வாய். தெருவழியாக வந்தால் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள் என்று தினமும் கொல்லைவழியாகத்தான் வருவாள். பேச்சுக்கு அஞ்சியவள், பாவம்!

மார்த்தாள் சிரித்தாள். சென்னையில் ஒரு மாண்டிசோரி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். பட்டணம் போனவர்கள் ரிப்பனும் எவர்சில்வரும் கொண்டுவருவார்கள். இவள் கொண்டுவந்தது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கங்களை. மகள் அம்சாவுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து ஒட்டிக்கொண்டன. குடிசையைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு. அகப்பையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, பழம் விழாமல் அதன்மேல் நடக்க வேண்டும்.

"நடக்கறதுக்கு இல்லக்கா, நெதானத்துக்கு."

"அதோ, மொச்சையையும் துவரையையும் ஒண்ணாக் கொட்டி, மறுபடி பிரிக்கச் சொல்றே. கலக்காமலே இருந்தா வேலை மிச்சமில்ல? அந்தப் பக்கம் ஒருத்தன் பொத்தானைப் போடறான், கயட்டறான், போடறான். எங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்கும் நான்தான் போட்டுவிடறேன். இன்னா கெட்டுப்போச்சு?"

"அதாங்க்கா கெட்டுப்போச்சு."

இவ்வளவு பேசுகிறவள், தன் மகன் செல்வத்தைக் காலையில் முதல் ஆளாகக் கொண்டுவந்து விடுவதில் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

"புள்ளையை இன்னாவோ பண்ணிட்டேடி நீ" என்று அலுத்துக்கொண்டாள். "அப்பன் செருப்பை இங்க ஒண்ணு அங்க ஒண்ணு வுட்டா, இவன் எடுத்து ஜோடியா வெக்கிறான். எடுத்ததை எடுத்த எடத்துல வெக்கணும்னு அவருக்கே புத்தி சொல்றான். மாமியார் இல்லாத கொறையை இவன் தீத்துக்கினு கீறான்!"

மார்த்தாள் சிரிக்கவில்லை. "எல்லாம் இந்த வாரத்தோட சரிக்கா. கோயி முட்டை வெக்கறதை நிறுத்திடுச்சு. முட்டையை டீக்கடைக்குப் போட்டுத்தான் பாசிமணி, நூலு, பலகைன்னு வாங்கினேன். இனிமே நானும் நடவுக்குப் போவணும், இந்தப் புள்ளைங்க மறுபடி தெருப்புழுதிதான். முட்டை வெக்காத கோயி எதுக்கு, ஞாயித்துக்கிழமை அறுத்துடலாம்னு அவரு சொல்றாரு."

"அறுக்கறதா!" சொக்கம்மாள் பதறிப்போனாள். "ஐயையோ, வாயில்லா ஜீவன்டி அது! கண்ணு பட்டிருக்கும். உப்பு மொளகா சுத்திப் போடு. அறுக்கற பேச்சை மட்டும் எடுக்காதே!"

போன ஆடியில் நாலு சேவலை ஒரே மூச்சில் குழம்பாக்கியவள் கண்ணில் தண்ணீர்.

மறுநாள் அவள் முந்தானையில் நொய்யரிசி கட்டிக்கொண்டு வந்து கோழிக்கு இறைத்தாள். பச்சமுத்துவின் ரைஸ்மில் நொய் காசில்லாமல் வேலி தாண்டியதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. சொக்கம்மாளுக்குள் இப்படி ஒரு மனசா என்று வாயில் கைவைத்தவர்கள் பலர்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்த கையோடு மார்த்தாளின் புருஷன் ஞானதாஸ் கொல்லையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டினான். வைக்கோல் போட்ட கூடைக்குப் பக்கத்தில், கால் கட்டப்பட்ட கோழி கிடந்தது. பிள்ளைகள் சுற்றி நின்றன. விஷயம் கேட்டுச் சொக்கம்மாள் ஓடிவந்தாள்.

"இன்னும் ஒரு வாரம் பொறு தம்பி!"

"பொறுத்து? இதை மடியில வெச்சிக் கொஞ்சிக்கினு கெடக்கவாக்கா?"

செல்வம் கோழியருகே குந்தியிருந்தான். "ஏன் அறுக்கறீங்க?"

"முட்டை வெக்கலடா."

பையன் காலிக் கூடையை எட்டிப் பார்த்தான். பிறகு ஆணியில் மாட்டியிருந்த அகப்பையை எடுத்துக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்து போனான். கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

கத்தி கூராகிவிட்டது. ஞானதாஸ் கோழியைத் தூக்கினான். மார்த்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் செல்வம் திரும்பி வந்தான். இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஓர் அடிக்குப் பின் ஓர் அடியாக வைத்தான்.

சொக்கம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாருங்க, எல்லாரும் பாருங்க! இந்தத் தெருவுல எந்தப் புள்ளையாவது இப்படி நடக்குமா? அந்த எலுமிச்சம்பயம் துளியாவது அசையுதா பாரு!"

எலுமிச்சம்பழம் அம்சாவின் கையில் இருந்தது.

செல்வம் நேரே கூடைக்குப் போனான். அகப்பையில் இருந்த முட்டையை வைக்கோல்மேல் அலுங்காமல் இறக்கினான். மார்த்தாளைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மா எடுத்ததை எடுத்த எடத்துல வெச்சிட்டேங்க்கா. கோயியை வுட்டுடுங்க" என்றவன், காலி அகப்பையோடு திரும்பிக் கோட்டில் கால் வைத்தான். "இருங்க, எங்க வூட்டு அரிசிப் பானையில இன்னும் நெறைய கீது!"